ஒரு குரல் கொடு

இது நடந்தது. நடந்த இடத்துக்கு இன்றைக்கும் ஆட்டோ போகும். பேகோபுரத் தெருவில் இறங்கி எண்ணெய்க்காரச் சந்து எங்கே என்று கேட்டால் எவரும் கை காட்டுவார்கள். கோபுரத்தின் பெயரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பதுண்டு. அந்தப் பெயருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இரவுக்கும் இதற்கும்கூடச் சம்பந்தம் இல்லை. பேய் என்றால் நள்ளிரவு, புளியமரம், நாய் ஊளை என்று பழகியவர்கள் சற்று ஏமாந்து போகலாம். இங்கே நடந்தவை அனைத்தும் பட்டப்பகலில் நடந்தன. திருத்தமாகச் சொன்னால், பகல் 12 மணி 10 நிமிடத்தில்.

நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். இருசப்பன் மேஸ்திரி, சுவரில் கோடு போடும் தடித்த பென்சிலைக் கொண்டு, தம் இடக்கையால் அதை எழுதினார். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் மணி குறித்திருக்கிறார். எழுத்து கோணல், விஷயத்தில் கோணல் இல்லை. வாயால் சொல்லாமல் ஏன் எழுதினார், அதுவும் ஏன் இடக்கையால் என்பது போகப் போகத் தெரியும்.

எண்ணெய்க்காரச் சந்தில் பதினாறு வீடுகள் இருந்தன. எல்லாம் நூறு வருஷத்துக் கட்டடங்கள். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். ஒரு வீட்டில் கரண்டி விழுந்தால் அடுத்த வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். ஆகவே அந்தச் சந்தில் கதவைத் தட்டும் வழக்கமே ஏற்படவில்லை. குரல் கொடுப்பதுதான் வழக்கம். பால் பொங்கினாலும் குரல், காய்ச்சல் கண்டாலும் குரல். சந்தின் முனையில் இட்லிக் கடை வைத்திருந்த ஜோதியம்மாள், விடியற்காலை ஐந்தரை மணிக்கு முதல் ஈடு இறக்கியதும், பொதுச்சுவரின் பக்கம் திரும்பி அடுத்த வீட்டு இருசப்பனைக் கூப்பிடுவார்.

"இருசு! ஒரு கொரல் குடு!"

"இருக்கேங்க்கா!"

"இருந்தா வந்து துன்னு. இல்லன்னா சொல்லு, தூக்கறதுக்கு நாலு ஆளக் கூட்டியாறேன்."

மனைவி இறந்த பிறகு, அந்த ஆறு வருஷமும் இருசப்பனின் பொழுது இப்படித்தான் விடிந்தது. அவரை 'இருசு' என்று சுருக்கிக் கூப்பிட்டவர் ஊரிலேயே ஜோதியம்மாள் ஒருவர்தான்.

அந்தச் சந்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. உச்சிப்பொழுதில் ஆள் தெரியாமல் பெயர் மட்டும் கேட்டால், முதல் அழைப்புக்குப் பதில் சொல்லக் கூடாது. இரண்டாவதற்கும் கூடாது. மூன்றாம் முறையும் கூப்பிட்டால்தான் மனிதக் குரல். அது அல்லாதது இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். ஏழு வயதில் இருசப்பன் முதல் அழைப்புக்கே "ஏன்" என்று கேட்டுவிட்டார். அவருடைய தாய் ஓடி வந்து வாயில் அறைந்த அறையில் ஒரு பல் ஆடிப்போயிற்று. அந்தப் பாடத்தை அவர் மறக்கவே இல்லை.

ஒரு தை மாதத் தொடக்கத்தில் ஜோதியம்மாளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. குரல் அறவே எழும்பவில்லை. பனி ஜாஸ்தி, அதனால்தான் என்றார்கள். மிளகுக் கஷாயம் கேட்கவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையும் கேட்கவில்லை. அதன்பின் காலையில் அவர் கூப்பிடுவதற்குப் பதிலாகக் கரண்டியால் சுவரைத் தட்டினார். டங்... டங். இருசப்பன் இந்தப் பக்கத்திலிருந்து "இருக்கேங்க்கா" என்பார்.

பதினோராம் நாள். செவ்வாய்க்கிழமை. பகல் 12.10.

நிலம் பதினொரு விநாடி நடுங்கியது.

அப்போது இருசப்பன் வேங்கிக்காலில் ஒரு புதுக் கட்டடத்தின் இரண்டாம் மாடிச் சாரத்தில் நின்றிருந்தார். சாரம் அவரை உதறி மணற்குவியலில் எறிந்தது. எழுந்து, ரத்தம் வழியும் முழங்காலோடு ஊருக்குள் ஓடினார். சந்து இருந்த இடத்தில் செம்புழுதிதான் இருந்தது. ஒரு சுவரை நம்பி இரண்டு வீடுகள் நின்ற சந்து அது. ஒரு சுவர் விழுந்தபோது இரண்டு வீடுகளும் சேர்ந்து விழுந்திருந்தன. உத்தரங்கள் முறிந்து, ஓடுகள் சிதறி, நடுவே ஒரு மிக்சி மட்டும் உடையாமல் நிமிர்ந்து நின்றது. ஏழு மாதக் கர்ப்பிணியான அவர் மகள் எழிலரசி அன்று பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததால் பிழைத்தாள். ஜோதியம்மாளின் மகன் தருமன் ஆட்டோ ஓட்டப் போயிருந்தான். மருமகள் வினோதினி கலெக்டர் ஆபீசில் தற்காலிக வேலையில் இருந்தாள். அவர்களும் பிழைத்தார்கள்.

நான்கு பேர் பிழைக்கவில்லை. இரண்டு நாளில் மூன்று உடல்கள் கிடைத்தன. ஜோதியம்மாள் கிடைக்கவில்லை.

மீட்புப் படையினர் இடிபாட்டின் மேல் குப்புறப் படுத்து, இடுக்குகளில் வாய் வைத்துக் கத்தினார்கள்.

"உள்ள யாராவது இருந்தா கொரல் குடுங்க!"

பிறகு கையை உயர்த்துவார்கள். தெருவில் ஆட்டோக்கள்கூட இன்ஜினை நிறுத்தும். ஊர் முழுவதும் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும். பதில் வரவில்லை. இரண்டாம் நாள் மாலை, இனி உயிர் இல்லை என்று அறிவித்தார்கள்.

மூன்றாம் நாள் பகலில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தம்முடைய கொத்துவேலைச் சாமான்களான ரசமட்டமும் தூக்குக்குண்டும் கிடைக்குமா என்று பார்க்க இருசப்பன் தனியாக இடிபாட்டின் மேல் ஏறினார். கால் சுட்டது. மணி 12.10.

"இருசு..."

அடியிலிருந்து வந்தது. ஜோதியம்மாளின் குரல். சளி இல்லை, கரகரப்பு இல்லை, பழைய குரல்.

இருசப்பனின் வாய் திறந்தது. ஏழு வயதில் விழுந்த அறை அதை மூடியது.

"இருசு... ஒரு கொரல் குடு..."

இரண்டு. அவர் மூன்றாவதற்காகக் காத்திருந்தார். நூறுவரை எண்ணினார். மூன்றாவது வரவில்லை. தரையில் துப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ஜேசிபி இயந்திரம் அந்த இடத்தைக் கிழித்தபோது ஜோதியம்மாள் கிடைத்தார். உத்தரம் மார்பில் ஏறியிருந்தது. வலக்கை, கரண்டியைப் பிடித்தபடி, இருசப்பனின் வீட்டுப் பக்கமாக நீண்டிருந்தது.

அந்தக் கையைப் பார்த்த நிமிடத்தில் அவர் நெஞ்சில் ஒரு கேள்வி இறங்கியது. பத்து நாளாகக் கட்டியிருந்த தொண்டை, உயிர் போகும் நேரத்தில் திறந்திருக்கக் கூடாதா? அது பேய் இல்லை, மூன்றாம் முறை கூப்பிடத் தெம்பில்லாத ஒரு மனுஷி என்றால்? ஒரு குரல் கொடுத்திருந்தால் போதுமே. நாற்பது பேர் ஓடி வந்து தோண்டியிருப்பார்களே! சிறுபிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளில், கிணற்றில் விழுந்த ஆட்டின் கூக்குரலைக் காதில் வாங்காமல் போன நரி, கடைசியில் அதே கிணற்றில் விழும். நியாயம் நேராகிவிடும். இருசப்பன் தம்மை அந்த நரியாகவே எண்ணிக்கொண்டார்.

பதினாறு குடும்பங்களும் வேங்கிக்காலுக்கு அப்பால் தகரக் கொட்டகைகளில் குடியேறின. அங்கேதான் எழிலரசிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஆதவன் என்று பெயர் வைத்தார்கள். சித்திரை வெயிலில் தகரம் அடுப்பாயிற்று. குழந்தையின் உடம்பெங்கும் கொப்புளம். பெங்களூரில் வேலை பார்க்கும் கணவன் அங்கே ஓர் அறையில் ஐந்து பேரோடு தங்கியிருந்தான்; அங்கேயும் அவளால் போக முடியாது.

"கார்த்திக தீபத்துக்குள்ள உன்ன நம்ம வூட்ல வெச்சிட்றேன்" என்று இருசப்பன் மகளிடம் சொன்னார். "தாத்தா கட்ற வூட்லதான் இவன் நடக்கணும்."

மாலையில் வேலை முடிந்து வரும்போது அவர் கொட்டகைக்கு வெளியே நின்று, "ஆதவா! ஒரு கொரல் குடு!" என்பார். உள்ளேயிருந்து "ங்ஙா!" என்று பதில் வரும். அந்தக் குடும்பத்துக்கு அந்த வருஷத்தில் கிடைத்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

சந்து வீடுகளை மறுபடி எழுப்பும் வேலை ஆடியில் தொடங்கியது. நகராட்சியிலிருந்து வந்த இன்ஜினியர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். இனிப் பொதுச்சுவர் கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச்சுவர். இரண்டு சுவருக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. நிலம் மீண்டும் ஆடினால் ஒரு வீடு மற்றொன்றை இழுத்துக்கொண்டு விழாது.

ஒரு சாண் யாருடைய மனையிலிருந்து? அங்கேதான் ரத்தம் வந்தது.

"எங்கம்மா செத்த மண்ணுய்யா இது! ஒரு வெரக்கடகூட குடுக்க மாட்டேன்" என்றான் தருமன்.

"நானும் குடுக்கறதா இல்ல. உங்கம்மா இருந்திருந்தா இந்நேரம் உன் காதத் திருகியிருக்கும்."

"எங்கம்மா பேர எடுக்காத! நீ எடுக்காத!"

தருமன் கடப்பாரையை எடுத்தான். காயாத சுவரில் மூன்று வரிசைகளை ஒரே வீச்சில் பெயர்த்தான். இரண்டாவது வீச்சு இருசப்பனின் தோளை உரசிக்கொண்டு போயிற்று. அவர் கையிலிருந்த பூச்சுக் கரணையைத் திருப்பிப் பிடித்து அறைந்தார். தருமனின் புருவம் பிளந்தது. இருவரும் சிமெண்டுத் தூளில் கட்டிப் புரண்டார்கள். ஒருவன் விரலை மற்றவன் கடித்தான். 'நீ எடுக்காத' என்ற சொல் இருசப்பனை உள்ளே எங்கோ குத்திவிட்டது. அவனுக்குத் தெரியுமோ என்ற பயத்தில்தான் அவர் அப்படி அடித்தார்.

வினோதினி ஓர் அண்டா கலவைத் தண்ணீரைத் தூக்கி இருவர் தலையிலும் கொட்டினாள்.

"அடிச்சிக்கினு சாவுங்க! ரெண்டு பேரையும் அந்த இடுக்குலயே நிக்கவெச்சுப் பூசிட்றேன்!"

சந்தே சிரித்தது. ஆளுக்கு அரைச் சாண் என்று முடிவாயிற்று. ஐப்பசி முடிவதற்குள் இரண்டு சுவர்களும் எழுந்தன. நடுவே, இருபதடி நீளத்துக்கு, பின்பக்கம் அடைத்து முன்பக்கம் திறந்த ஓர் இருட்டுப் பிளவு. பூனை நுழையலாம். மனிதன் நுழைய முடியாது.

கார்த்திகை பிறந்தது. இங்கிருந்து நோட்டுப் புத்தகம் நாள்வாரியாக மணி குறிக்கிறது.

திங்கள், 12.10. சுவரின் நேர் பார்க்க இருசப்பன் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டிருந்தார். காற்று இல்லை. குண்டு மெல்ல நகர்ந்து, பிளவின் பக்கமாகச் சாய்ந்து நின்றது. கயிறு கோணலாக விறைத்திருந்தது. யாரோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருப்பது போல. பன்னிரண்டு விநாடி. பிறகு விட்டது.

செவ்வாய், 12.10. பிளவுக்குள்ளிருந்து இட்லி வேகும் வாசனை. மாமியாரின் கடையை வினோதினி இன்னும் திறக்கவில்லை.

புதன். காலையில் பூசிய ஈரச்சுவரில் நான்கு விரல் தடம். வெளியிலிருந்து அழுத்தினால் பூச்சு உள்ளே அமுங்கும். இந்தத் தடம் வெளியே புடைத்திருந்தது.

வியாழன். அன்றுதான் வேலையாள் மணியின் வாய் போயிற்று.

மணி அவரிடம் இருபது வருஷமாக வேலை செய்தவன். கீழிருந்து செங்கல் எறிவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு: கீழே நிற்பவன் "உடட்டா?" என்று கேட்க வேண்டும்; சாரத்தில் நிற்பவன் "உடு" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் இல்லாமல் கல் மேலே போகக் கூடாது. 12.10க்கு இருசப்பன் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கிப் பின்பக்கம் போயிருந்தார்.

பொத்தென்று ஒரு சத்தம். அதன் மேல் ஓர் அலறல்.

ஓடி வந்து பார்த்தபோது மணி மண்டியிட்டிருந்தான். உள்ளங்கையில் நான்கு பற்கள். மேல் உதடு இரண்டாகக் கிழிந்து தொங்கியது.

"மேல யாருமே இல்லியேடா! ஏன்டா எறிஞ்ச?"

"கொரல் குடுத்தாங்க... 'உடு'ன்னு..." ரத்தம் குமிழியிட்டது. "எறிஞ்ச கல்லு வுழுவுலண்ணா... திருப்பி அடிச்சாங்க..."

"யாருடா?"

"பொம்பள கொரலு."

வெள்ளிக்கிழமை ஒருவரும் வேலைக்கு வரவில்லை. இருசப்பன் மட்டும் வந்தார். பூச்சில் இன்னும் இரண்டு முழம்தான் பாக்கி. மழை பிடித்துக்கொண்டுவிட்டால் கொட்டகையில் குழந்தை தாங்காது. அவர் பிளவின் வாயருகே உட்கார்ந்து ஓரங்களைப் பூசிக்கொண்டிருந்தார்.

12.09. சந்தில் ஒரு சத்தமும் இல்லை. தெருவில் ஆட்டோக்கள்கூட இன்ஜினை நிறுத்திவிட்டன போலிருந்தது...

12.10.

"இருசு..."

பிளவுக்குள்ளிருந்து.

அவர் கை நின்றது.

"இருசு... ஒரு கொரல் குடு..."

இரண்டு.

நழுவிய கரணை பிளவுக்குள் போய் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

மூன்றாவது வராது என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கும் வரவில்லை. அன்று எண்ணிய நூறு, பத்து மாதமாக அவர் காதில் ஓடிக்கொண்டிருந்தது. நீண்டு கிடந்த அந்தக் கையும் கரண்டியும் கண்ணில் நின்றன. மணிக்கு ஆனது தனக்கு ஆகட்டும் என்று நினைத்தார். தன்னை அடித்துவிட்டு, எழிலரசி வரும் வீட்டை அது விட்டுவிடட்டும்.

ஐம்பத்தாறு வயதில், அந்த ஏழு வயதுக்குப் பிறகு முதல் முறையாக, மூன்றுக்குக் காத்திராமல் அவர் வாயைத் திறந்தார்.

"யக்கா... இருக்கேங்க்கா..."

பிளவை இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

"இதோ வரேன்" என்று சொல்லி, வலக்கையைத் தோள்வரை பிளவுக்குள் நுழைத்தார்.

யாரோ விரல்களைப் பிடித்தார்கள்.

சூடாக இருந்தது. அன்பாகவும் இருந்தது.

பிறகு இழுத்தது.

கன்னம் சுவரில் மோதியது. மூக்குத் தண்டு நொறுங்கியது.

சுவர்கள் நெருங்கின. காய்ந்து இறுகிய செங்கற்சுவர்கள்... நெருங்கின.

மணிக்கட்டு. மளுக்.

முழங்கை. மளுக். மளுக்.

அவர் அலறினார்.

சத்தம் வரவில்லை.

வாய் கிழியத் திறந்திருந்தது. தொண்டை நரம்புகள் புடைத்தன. காற்றுகூட வரவில்லை.

பிறகு, பிளவின் அடைத்த கோடியிலிருந்து... இருபதடி உள்ளேயிருந்து... அந்த அலறல் கேட்டது.

அவருடைய அலறல். அவருடைய குரலில்.

பேகோபுரத் தெருவில் வண்டியை நிறுத்தியிருந்த தருமனுக்கு அது கேட்டது. ஓடி வந்து, மயங்கித் தொங்கியவரை இடுப்பைப் பிடித்து இழுத்தான். கை தானாக வெளியே வந்துவிட்டது. எவரும் இடிக்கவில்லை, எதையும் பெயர்க்கவில்லை. பின்னர் இன்ஜினியர் நாடா வைத்து மூன்று இடங்களில் அளந்தார். சுவர்களுக்கு நடுவே இடைவெளி ஒரு சாண். ஒரு நூல்கூடக் குறையவில்லை.

ஆஸ்பத்திரியில் கையில் மூன்று இடங்களில் தகடு வைத்தார்கள். குரல் மட்டும் திரும்பவில்லை. குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், தொண்டையில் காயமோ வீக்கமோ இல்லை, அதிர்ச்சியாக இருக்கலாம் என்றார். இருசப்பன் இடக்கையால் எழுதக் கற்றுக்கொண்டார். முதலில் எழுதியது, பத்து மாதம் ஒளித்து வைத்திருந்த அந்த நூறு எண்ணிக்கையைத்தான். ஐந்தாம் நாள் முற்பகல் 11.30க்கு வினோதினி இட்லி எடுத்துக்கொண்டு வந்தாள். அவளிடம் நோட்டை நீட்டினார்.

வினோதினி நின்றபடியே படித்தாள். அவள் முகம் வெளுத்தது.

"மாமா... அத்தை மூணாவது நாளு உசுரோட இல்ல. சொவரு வுழுந்த செவ்வாக்கெழமையே, வுழுந்த ஒடனே போயிட்டாங்கன்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டாரு. உங்களக் கூப்ட்டது அவங்க இல்ல."

நோட்டை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னொண்ணு யாருக்கும் சொல்லல. அத்தைக்குத் தொண்ட கட்டல மாமா. ஒரு நாளு மத்தியானம் மாவு ஆட்டிக்கினு இருந்தாங்க. சொவத்துக்குள்ளேர்ந்து யாரோ 'ஜோதி, ஒரு கொரல் குடு'ன்னு கூப்ட்டாங்களாம். அத்தையும் 'இன்னா'ன்னு கேட்டுட்டாங்க. அவ்ளோதான். அப்பறம் பேச்சே வரல. கையால காட்டிக் காட்டி என்கிட்ட சொன்னாங்க. நான் நம்பல."

இருசப்பன் பென்சிலை எடுத்தார். 'யார் குரல்?' என்று எழுதினார்.

"நானும் கேட்டேன். எதிர்வூட்டுக் கெழவரு கொரலாம். அவரு செத்து ரெண்டு வருஷம். சாவறதுக்கு முன்னாடி அவருக்கும் பேச்சு நின்னுபோச்சாம்."

குரல் கொடு என்று அது கேட்டதற்கு அர்த்தம் இருசப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது. நாம் பதில் என்று நினைத்துக் கொடுக்கிறோம். அது கொடுத்ததை வாங்கி வைத்துக்கொள்கிறது. நரிக்கு விழுந்த தண்டனையும் இல்லை இது. அவர் அன்றைக்குச் செய்தது தவறே இல்லை. தவறு என்று பத்து மாதம் எண்ணியதுதான் தவறு.

வினோதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எழிலு கிட்டயும் சொல்லணும் மாமா. நேத்து மழையில கொட்டாயில கணுக்கால் தண்ணி. கொழந்தயத் தூக்கிக்கினு புது வூட்டுக்கே வந்துடுச்சு."

11.48. இருசப்பன் கையிலிருந்த சலைன் ஊசியைப் பிடுங்கி எறிந்தார். தருமனின் ஆட்டோ வாசலில் நின்றிருந்தது. போகும் வழியில், குலுங்கும் வண்டியில், கட்டை எழுத்தில் ஒரு வரி எழுதினார். மழைத்தண்ணீர் தெருவெங்கும் தேங்கிக் கிடந்தது. தீபத்துக்கு வந்த கூட்டத்தில் வண்டி இரண்டு இடங்களில் நின்றது. தருமன் ஹாரனைக் குத்திக் குத்தி அடித்தான்.

12.08. சந்து.

12.09. எழிலரசி குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கையோடு, ரத்தம் சொட்ட, உள்ளே பாய்ந்த தகப்பனைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"இன்னாப்பா இது! யாரு உன்ன வுட்டாங்க?"

அவர் நோட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். 'கூப்பிட்டால் குரல் கொடுக்காதே.'

"யாரு கூப்ட்டா?"

12.10.

"எழிலு..."

சுவருக்கு அப்பாலிருந்து. தகப்பனின் குரல்.

எழிலரசி திரும்பிச் சுவரைப் பார்த்தாள். பிறகு எதிரே, வாய் மூடி நிற்கும் தகப்பனைப் பார்த்தாள். அவள் உதடு பிரிந்தது...

அவர் இடக்கையால் அவள் வாயில் அறைந்தார். பலம் கொண்ட மட்டும். உதடு வெடித்து ரத்தம் தெறித்தது. அவள் சுவரில் சாய்ந்து வழுக்கி உட்கார்ந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எழிலு... ஒரு கொரல் குடு..."

இரண்டு.

இருவரும் அசையவில்லை.

இருபது... நாற்பது... எழுபது... எண்ணினார்கள்.

நூறு.

மூன்றாவது வரவில்லை. எழிலரசி பொத்திய கையை எடுத்து, மூச்சை விட்டாள். இருசப்பன் அவள் தலையைத் தம் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

12.12.

"ஆதவா..."

அது கொஞ்சிற்று. மாலை நேரத்தில், கொட்டகை வாசலில் நின்று கொஞ்சும் அதே குரல்.

"ஆதவா... ஒரு கொரல் குடு..."

இருவரும் ஒன்றாகத் தொட்டிலை நோக்கிப் பாய்ந்தார்கள்.

எட்டு மாதக் குழந்தை அது. மூன்றுவரை எண்ண அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. தாத்தா வந்துவிட்டார் என்று காலை உதைத்துச் சிரித்தது.

"ங்ஙா!"

நோட்டுப் புத்தகத்தில் அதற்குப் பிறகு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

'12.14. குழந்தை அழுகிறான். சத்தம் இல்லை.'